சமக்குறி இல்லாத கால்குலேட்டர்

கூட்டிக் கழிக்க இனித் தனிக் கருவி எதற்கு என்று கேட்பவர்களோடு நான் மல்லுக்கு நிற்பதில்லை. போனிலேயே கால்குலேட்டர் இருக்கிறது. பெரிய கணக்கென்றால் எக்செல். விடை எங்கும் ஒன்றுதான். ஆனாலும் என் மேசையில் ஒரு எச்பி-12சி கிடக்கிறது. அதை எடுத்து உள்ளே வைக்கும் உத்தேசம் இல்லை.

ஹியூலெட்-பேக்கார்டு 1981-ல் கொண்டுவந்த நிதிக் கணக்குக் கருவி இது. இன்றும் விற்கிறார்கள். இதன் மூதாதை 1972-ல் 395 டாலருக்கு வந்த எச்பி-35. சட்டைப் பையில் அடங்கியே தீர வேண்டும் என்று பில் ஹியூலெட் சொல்லிச் செய்வித்தது. பொத்தான்கள் 35, அதனால் அந்தப் பெயர். பொறியாளர்கள் ஸ்லைடு ரூலைக் கீழே வைத்தது அதற்குப் பிறகுதான்.

12சியில் சமக்குறிப் பொத்தானே கிடையாது. எண்களை முதலில் கொடுக்க வேண்டும். என்ன செய்வதென்று பிறகு சொல்ல வேண்டும். ஆங்கிலத்தில் யோசிப்பவருக்கு இது தலைகீழ். வினையைக் கடைசியில் வைத்தே பேசிப் பழகிய நமக்கென்ன? மூன்றையும் ஐந்தையும் கூட்டு: மூன்று, என்டர், ஐந்து, கூட்டல். எட்டு வந்துவிட்டது. அது உள்ளே காத்திருக்கட்டும். ஏழு, என்டர், இரண்டு, கழித்தல்: ஐந்து. இப்போது பெருக்கலைத் தட்டினால் 40. அடைப்புக்குறிக்கு வேலையே இல்லை. படிக்குப் படி விடை கண்ணில் பட்டுப் போவதால், பிசகினால் பிசகிய இடத்திலேயே தெரிந்துவிடும்.

இதன் உயிர் மேல்வரிசையின் இடது ஓரத்து ஐந்து பொத்தான்களில் இருக்கிறது: காலம், வட்டி, இன்றைய தொகை, தவணை, இறுதித் தொகை. நான்கைக் கொடுத்தால் ஐந்தாவதைச் சொல்லும். வீட்டுக் கடன் 30 லட்சம், 20 வருஷம், எட்டரை வட்டி என்று வையுங்கள். பழைய கணக்கைத் துடைத்துவிட்டு 20 போட்டு, நீலப் பொத்தானையும் காலத்தையும் அழுத்தினால் தானே 240 மாதமாக்கிக்கொள்ளும். வட்டிக்கும் அப்படியே. கடன் தொகையையும் ஏற்றிவிட்டுத் தவணையைக் கேட்டால் 26,034.70 என்று வரும், முன்னால் ஒரு கழித்தல் குறியோடு. கைக்கு வருவது கூட்டல், கையை விட்டுப் போவது கழித்தல். கடன் வாங்குகிறவருக்கு இதைவிட நேர்மையாக யாரும் சொல்லிவிட முடியாது.

தவணையைக் கொடுத்து வட்டியைக் கேட்டால் பழைய கருவிகள் 'ரன்னிங்' என்று மினுக்கிக்கொண்டு சில நொடி யோசிக்கும். புதியவற்றின் சில்லு வேகமானது; சட்டென்று சொல்லிவிடுகிறது. எனக்கென்னவோ அந்தத் தாமதம்தான் பிடிக்கும்.

நிதி ஆய்வாளர்களுக்கான சிஎஃப்ஏ தேர்வறைக்குள் இதற்கும் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் ஒரு மாடலுக்கும்தான் அனுமதி என்பது இன்னும் விற்பதற்கு ஒரு காரணம். எனக்கு அது காரணமில்லை. எனக்கு வேண்டியது பொத்தான். அழுத்தினால் முதலில் சற்றே முரண்டி, பிறகு 'டக்'கென்று வழிவிடும். எண் ஏறிவிட்டதென்று விரலுக்கே தெரியும். என்டர் மட்டும் இரண்டு வரிசை உயரம், தடவினாலே அகப்படும். போனில் இதே 12சி செயலியாகக் கிடைக்கிறது, நிறம்கூட மாறாமல். அந்தக் கண்ணாடியில் எல்லா எண்ணும் ஒரே வழவழப்பு. ஒவ்வொன்றையும் பார்த்துப் பார்த்துத்தான் தொட வேண்டும். கடன் பத்திரத்தின் பொடியெழுத்தைப் படிக்க வேண்டிய கண், அங்கே விரலுக்குக் காவலிருக்கிறது.