கொள்வதும் தள்ளுவதும்

அறிவியலைத் தமிழில் விளக்குவோர் சிலர் பேரெண்களை அடுக்கி வியப்பூட்டுகின்றனர். வியப்பு வேறு, விளக்கம் வேறு.

ஜெனீவாவை அடுத்த செர்ன் ஆய்வுக்கூடத்தின் பெரிய துகள் மோதுவியைக் காண்போம். அங்கே புரோட்டான் திரள்கள் நொடிக்கு ஏறத்தாழ 4 கோடி முறை எதிர்ப்படுகின்றன. ஒரு நிகழ்வின் பதிவு சுமார் 10 இலட்சம் பைட்டு. இரண்டையும் பெருக்கி, நொடிக்கு 40 இலட்சம் கோடி பைட்டு சேமிக்கப்படுவதாக எழுதுவது பொருந்தாது. பெருக்கல் சரியே; பொருள்தான் பிழை.

அந்த 10 இலட்சமே, குறிப்பில்லாத தடங்களை உணர்கருவியின் மின்னணுச் சுற்றுகள் நீக்கியபின் எஞ்சுவது. 2015 முதல் 2018 வரை நடந்த ஆய்வில், அட்லஸ், சி.எம்.எஸ். கருவிகளின் தேர்வுச் சுற்றுகள் 4 கோடியை ஏறத்தாழ ஓரிலட்சமாகக் குறைத்தன. கணிப்பொறிகள் அதனை ஓராயிரம் அளவுக்குச் சுருக்கின. ஆகவே ஒரு கருவியிலிருந்து சேமிப்புக்கு வந்தது நொடிக்குச் சுமார் 100 கோடி பைட்டு. நாள் முழுதும் ஓடினால் 86 இலட்சம் கோடி.

தள்ளியது மீளாது. 2012இல் அறிவிக்கப்பட்ட ஹிக்ஸ் துகளும் இத்தகைய தேர்வில் எஞ்சிய நிகழ்வுகளிலேயே புலப்பட்டது. எனவே சேமிப்புக் கணக்கு களஞ்சியத்தின் அளவை மட்டுமன்றி, எதை இழக்கத் துணிந்தோம் என்பதையும் உரைக்கின்றது. மாணவர்க்கு ஆசிரியர் முதலில் உணர்த்தவேண்டியது இதுவே.