இடைகழியும் முன்னறையும்

விருந்து என்னும் சொல்லுக்குப் புதுமை என்பதே முதற்பொருள். தொல்காப்பியர் செய்யுளியலில் வனப்பு எட்டனுள் ஒன்றாக விருந்தினைக் கூறுமிடத்துப் புதிதாகப் புனையப்படும் செய்யுளையே கருதினார். அச்சொல் பின்னர்ப் புதியராய் வந்த மனிதரைக் குறித்தது. இன்றோ அவர்க்கு இடும் உணவின்மேல் நின்றுவிட்டது. ஆளைக் குறித்த சொல் இலையைக் குறிக்கலாயிற்று எனலாம்.

திருக்குறளுக்கு உரை கண்ட பரிமேலழகர் விருந்தினரை இருவகையாகப் பகுப்பார். முன்னரே உள்ள அறிமுகத்தால் நம்மை நாடி வருவோர் ஒரு வகையினர். அவ்வறிமுகம் இன்றி வருவோர் மற்றொரு வகையினர். இவ்விரு வகையாரையும் ஒரு வீடு எவ்விடத்தில் அமர்த்துகின்றது என்று நோக்கினால், அவ்வீட்டின் விருந்தோம்பலை ஒருவாறு அளந்துவிடலாம். இலக்கியத்தையும் இவ்வளவுகோல் கொண்டு நோக்குவது பயனுடையது.

குறுந்தொகை 118ஆம் பாட்டு நன்னாகையார் பாடியது. மாலைப்பொழுதில் பலரும் புகும் வாயிலை அடைக்கும் நேரம். அடைக்குமுன், உள்ளே வருவோர் எவரேனும் உளரோ என்று காவலர் வினவுகின்றனர். அவ்வினாவிற்குப் பின்னும் தலைவன் வரவில்லை என்பதே தலைவியின் துயரம். அப்பாட்டின் உயிர் தலைவியின் பிரிவுத்துயரில் இருப்பினும், அத்துயரைத் தாங்கி நிற்பது ஒரு வீட்டு வழக்கம். யார் என்று பாராமல் எல்லாரையும் நோக்கி விடுக்கப்படும் அந்த அழைப்பிலே, தான் எதிர்பார்த்த ஒருவர் மட்டும் இல்லாமற் போவதால் அவள் தனிமை இருமடங்காகின்றது.

சிலப்பதிகாரத்திலும் இதனைக் காண்கிறோம். மாதவியைப் பிரிந்து வந்த கோவலனிடம், மதுரையில் கண்ணகி வாய்திறந்து கூறும் குறைகளுள் ஒன்று, அவன் இல்லாத காலத்தில் விருந்தினரை எதிர்கொள்ளும் பேற்றினை இழந்தமை. கணவன் பிரிவால் மனைவி இழந்தது இல்லத்தின் வாயிலையே என்பது இளங்கோவடிகளின் நுண்ணிய பார்வை.

இனி, திருக்கோவலூர் இடைகழிக்கு வருவோம். மழை பொழியும் இரவில் பொய்கையாழ்வார், பூதத்தாழ்வார், பேயாழ்வார் ஆகிய மூவரும் ஒருவரையொருவர் முன்பின் அறியாதவராய் அவ்விடத்தில் ஒதுங்கினர் என்பது வைணவ மரபு. ஒருவர் படுக்கலாம், இருவர் அமரலாம், மூவர் நிற்கலாம் என்னும் அளவே அவ்விடம். மூவரும் நின்றபோது நான்காமவராய் இறைவன் நெருக்கினான் என்றும், அந்நெருக்கத்திலே மூன்று திருவந்தாதிகள் பிறந்தன என்றும் பெரியோர் கூறுவர். இந்நிகழ்ச்சியில் நாம் கருதற்பாலது ஒன்றுண்டு. முதலில் வந்தவர் படுத்திருந்தவர். இரண்டாமவர் வந்ததும் எழுந்து அமர்ந்தார். மூன்றாமவர் வந்ததும் இருவரும் எழுந்து நின்றனர். இடம் வளரவில்லை, இருந்தவர் தம்மைச் சுருக்கிக்கொண்டனர். விருந்தோம்பலின் இலக்கணம் முழுவதும் இதனுள் அடங்கும்.

இக்காலக் கட்டுரையாளர் பலர் திண்ணை மறைந்ததே விருந்தோம்பல் மறைந்ததற்குக் காரணம் என்று இரங்குவர். அவ்விரக்கத்தில் பாதியே உண்மை. வழிப்போக்கன் கேளாமலே அமரவும், இரவில் தலைசாய்க்கவும், சிறுவர் மணலில் எழுத்துப் பயிலவும் இடம் தந்தது திண்ணை. ஆயினும் வந்தவரைத் தெருவோடு நிறுத்தி வைத்ததும் அதுவே. இன்னார் திண்ணை வரை, இன்னார் நடை வரை, இன்னார் கூடம் வரை என்று சாதி கோடு கிழித்திருந்தது. திண்ணையில் ஏறும் உரிமையும் இல்லாதார் பலர். ஆதலின் திண்ணையைப் போற்றும் இலக்கியம் அக்கோட்டையும் சேர்த்துக் காட்டினாலன்றி முழுமை பெறாது.

ஆங்கிலேயர் ஆட்சியில் பங்களாக்களோடு வந்த வரவேற்பறை வேறுவகைப்பட்டது. அது வீட்டின் உள்ளே இருப்பது. ஆனால் அழைக்கப்பட்டவர்க்கு மட்டுமே உரியது. பரிமேலழகர் சொன்ன முதல் வகையாரை அது நன்கு உபசரிக்கும். இரண்டாம் வகையார்க்கு அங்கே நாற்காலி இல்லை.

இம்மாற்றத்தை நகைச்சுவையோடும் கசப்போடும் காட்டியவர் புதுமைப்பித்தன். 1943இல் வெளிவந்த 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' என்னும் கதையில், சென்னைத் தெருவில் எதிர்ப்பட்ட கடவுளைக் கந்தசாமிப் பிள்ளை தம் இல்லத்திற்கு அழைத்துச் செல்கின்றார். மனைவியிடம் பெரியப்பா என்று உறவுமுறை சொல்லியே அவரை அறிமுகப்படுத்துகின்றார். அறியாத விருந்தினரை அறிந்தவராக மாற்றினாலன்றி நகரத்துச் சிறு வீட்டில் இடமில்லை என்னும் உண்மையை ஆசிரியர் ஒரு சொல்லிலே உணர்த்திவிடுகின்றார். குழந்தை மட்டும் அம்முறையைப் பொருட்படுத்தாமல் கடவுளோடு விளையாடுகின்றது. கலை அறிந்தவராகக் கருதப்படும் திவான் பகதூரோ, தம்முன் ஆடப்பட்ட கூத்தினைக் கலையன்று எனத் தள்ளிவிடுகின்றார். இறுதியில் கடவுள், மனிதரோடு உடனுறைதல் தமக்கு இயலாது என்று விலகுகின்றார். வறியவர் வீடு இடம் தந்தது; ஆனால் அவ்விடத்தில் தங்கும் வலிமை விருந்தினர்க்கு இல்லை. இத்திருப்பமே அக்கதையை வெறும் கேலியினின்றும் உயர்த்துகின்றது.

புலம்பெயர்ந்து வாழும் நமக்கு இன்னும் நெருக்கமானது அசோகமித்திரனின் 'பதினெட்டாவது அட்சக்கோடு' என்னும் நாவல். 1977இல் வெளிவந்த இந்நூல், நாடு விடுதலை பெற்ற காலத்துச் செகந்திராபாத்தில் வளரும் தமிழ் இளைஞன் சந்திரசேகரனின் கதை. கலவரத்தின்போது ஓடிவரும் அவன் சுவரேறிக் குதித்து ஓர் ஏழை இஸ்லாமியக் குடும்பத்தின் வீட்டினுள் விழுகின்றான். அவனுக்கு வேண்டியது ஒதுங்க ஓரிடம். அவர்கள் கண்ணிலோ அவன் அழிக்க வந்தவன். குடும்பத்தைக் காக்க ஒரு சிறுபெண் தன்னையே தர முற்படுகின்றாள். அவன் நடுங்கி வெளியே ஓடுகின்றான். அறியாது வந்தவரைக் கண்டு வீடு நடுங்கும் நிலை வந்தபின் திண்ணையும் வரவேற்பறையும் எதற்கு என்று அந்நாவல் கேளாமற் கேட்கின்றது. தமிழ் நாவல்களில் விருந்தறத்தின் வீழ்ச்சியை இத்துணைக் கூர்மையாகக் காட்டிய இடம் மிகச் சிலவே.

இனி நம் இல்லங்களை நோக்குவோம். மாதுங்காவிலும் கரோல்பாக்கிலும் குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் முன்னறை என்பது பகலில் கூடம், மாலையில் பிள்ளைகளின் படிப்பறை, இரவில் படுக்கையறை. வேலை தேடி ஊரிலிருந்து வந்த மைத்துனன் மாதக்கணக்கில் அங்கே பாய் விரித்ததுண்டு. இடமின்மையால் அது மீண்டும் இடைகழியாயிற்று என்பதில் நாம் பெருமை கொள்ளலாம்.

ஆயினும் வந்தவர் யார் என்னும் வினா எஞ்சி நிற்கின்றது. முன்னாளில் கடிதம் எழுதிவிட்டு வந்தனர். இந்நாளில் அலைபேசியில் சொல்லிவிட்டு வருகின்றனர். எல்லாரும் குறித்து வந்தவரே. பெரும்பாலும் நம் மொழியினரே. பத்தாண்டுகள் எதிர்வீட்டில் குடியிருக்கும் பிறமொழியாளர் இன்னும் கதவின் கம்பிக்கு அப்பால் நின்றே பேசிச் செல்லும் இல்லங்கள் உண்டு. அடுக்ககத்தின் வாயிலில் காவலர் ஏட்டில் பெயர் எழுதி, எவரைக் காண வேண்டும் என்று வினவுகின்றார். நன்னாகையார் காலத்து வாயிலில் எழுந்த வினா வேறு.

திண்ணையை நாம் மீண்டும் கட்ட இயலாது; அதன் கோடுகளோடு கட்டவும் வேண்டுவதில்லை. திருக்கோவலூரில் நின்ற மூவரும் ஒருவர்க்கொருவர் புதியவர் என்பதை மறவாதிருப்போம். நம் முன்னறையில் இன்றும் மூவர் நிற்க இடமுண்டு. முதலில் படுத்திருப்பவர் எழுந்து அமர்தல் வேண்டும்.