கட்டைவிரலுக்கு அப்புறம்

ஏகலைவன் கதை நம் பள்ளிக்கூடங்களில் தனியாக வருவதில்லை. கூடவே ஒரு நீதியையும் அழைத்துக்கொண்டுதான் வருகிறது. குருபக்தி என்கிற சொல் கதைக்கு முன்பே கரும்பலகையில் ஏறி உட்கார்ந்துவிடும். கதையை அந்தச் சொல்லில் கொண்டுபோய்ச் சேர்ப்பது மட்டும்தான் மாணவரின் வேலை. பிரதிக்கும் வாசிப்பவருக்கும் நடுவே வாத்தியார் நிற்கிறார். அவருக்குப் பின்னால் துரோணர். இந்த ஏற்பாட்டுக்குள் அடங்காத எதிர்வினை எதுவானாலும் 'புரியாம கேக்குது' என்று தள்ளப்படுகிறது. விமர்சனம் தொடங்கவேண்டிய இடமே அந்தப் 'புரியாமை'தான்.

அம்பத்தூர் தொழிற்பேட்டையை ஒட்டிய ஒரு மாலை வகுப்பு. இந்தக் கதையைக் கேட்ட ஒன்பதாவது படிக்கும் பெண் இரண்டு கேள்வி கேட்டாள். "சொல்லியே குடுக்காதவருக்கு எதுக்கு சார் ஃபீஸு?" இது முதலாவது. "கட்டைவிரல் போனதுக்கு அப்புறம் அவன் என்ன வேலைக்குப் போனான்?" இது இரண்டாவது. வேறொரு நாள் அரக்கு மாளிகைக் கதைக்கு மூன்றாவதாக ஒன்று: "எரிஞ்சுபோன அந்தம்மா பேரு என்ன?"

முதல் கேள்வி நமக்குப் பழக்கமானது. பெரியாரின் இதிகாச விமர்சனத்தில் வளர்ந்தவர்களுக்கு அதில் அதிர்ச்சி இல்லை. கற்பிக்க மறுத்தவன் கூலி கேட்கிறான். அதற்குப் பக்தி என்று பெயர். அரசும் இந்தக் கணக்கை அப்படியே பேரேட்டில் ஏற்றி வைத்திருக்கிறது. பயிற்சியாளர்களுக்கு 1985 முதல் துரோணாச்சாரியார் விருது. பழங்குடி மாணவர்களுக்கு 1997-98 முதல் ஏகலைவன் பெயரில் உண்டு உறைவிடப் பள்ளிகள். விரலை வாங்கியவர் பெயர் ஆசிரியருக்கு, கொடுத்தவன் பெயர் மாணவருக்கு.

இரண்டாவது கேள்விதான் கனமானது. பவர் பிரஸ்ஸில் கை மாட்டிக்கொள்வது தொழிற்பேட்டைத் தெருக்களில் உவமை அல்ல, வீட்டு விஷயம். விரல் போனவர் அடுத்த மாதம் எந்த வேலைக்குப் போவார் என்பது அங்கே எல்லாக் குழந்தைக்கும் தெரிந்த கேள்வி. 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தில் பின்னாளில் திருத்தப்பட்ட அட்டவணை, கட்டைவிரல் முழுதும் போனால் சம்பாதிக்கும் திறனில் 30 சதவீதம் இழப்பு என்று எழுதியது. வில்லாளிக்கு அது எத்தனை சதவீதம்? வியாச பாரதம் இதற்கு ஒரு பதில் வைத்திருக்கிறது: மற்ற விரல்களால் எய்து பார்த்தான், பழைய வேகம் இல்லை. அர்ச்சுனனின் கவலை தீர்ந்தது.

ஆனால் அதோடு முடியவில்லை. துரோண பருவத்தில் கிருஷ்ணன் அர்ச்சுனனிடம் சொல்கிறான்: உனக்காக நான் கொன்றவர்களில் ஏகலைவனும் ஒருவன். அதாவது விரல் போன பிறகும் அவன் போராளியாக இருந்திருக்கிறான். கொல்லவேண்டிய அளவுக்கு இருந்திருக்கிறான். பள்ளிப்பாடம் இதைச் சொல்வதில்லை, சரி. நம் எதிர்ப்புக் கவிதைகளும் சுவரொட்டிகளும் பெரும்பாலும் கத்தியிலும் ரத்தத்திலுமே நின்றுவிடுகின்றன. விரலோடு கதை முடிந்தது என்பது துரோணரின் கணக்கு. அதை எதிர்ப்பவர்களும் அதே கணக்கை ஏற்கவேண்டுமா? 'அப்புறம்' என்று கேட்ட மாணவி ஏற்கவில்லை.

இது அம்பத்தூரோடு நிற்கிற விஷயமும் அல்ல. துரோணருக்குத் தரப்பட்ட ஊர் என்ற ஐதீகத்தைச் சொல்லி 2016இல் குர்கானுக்கு குருகிராம் என்று பெயர் மாற்றினார்கள். அந்தக் குருகிராம்-மானேசர் வட்டாரத்தில் வாகன உதிரிபாகத் தொழிலாளர்கள் விரல் இழப்பதைத்தான் 'சேஃப் இன் இந்தியா' அமைப்பின் அறிக்கைகள் 2019 முதல் பதிவு செய்து வருகின்றன. தட்சிணை இன்னும் வசூலாகிக்கொண்டுதான் இருக்கிறது.

மூன்றாவது கேள்விக்குப் பிரதியில் பதிலே இல்லை. ஏகலைவன் வரும் அதே ஆதி பருவத்தில்தான் ஒரு நிஷாதப் பெண்ணும் ஐந்து பிள்ளைகளும் குந்தியின் விருந்தில் குடித்துவிட்டுத் தூங்கி, பீமன் வைத்த தீயில் சாகிறார்கள். ஆறு பிணத்தைப் பார்த்து ஊர் பாண்டவர்கள் செத்ததாக நம்புகிறது. எண்ணிக்கைக்காக மட்டும் தேவைப்பட்ட உடல்களுக்குப் பெயர் எதற்கு? மகாசுவேதா தேவி, செத்தவளின் மருமகளைக் கிழக்குந்தியின் முன் நிறுத்திக் கணக்குக் கேட்க வைத்தார். அம்பத்தூர் மாணவி அதைப் படித்தவள் அல்ல. பிரதியில் அதே ஓட்டையில் அவள் கை வைத்திருக்கிறாள்.

இதிகாசத்தைக் கொளுத்துவதா கும்பிடுவதா என்கிற பழைய சண்டையில் ஒன்று விட்டுப்போயிற்று. தொண்டை மண்டலத்துக் கிராமங்களில் பாரதம் புத்தகமாக இருந்ததைவிடக் கூத்தாக இருந்ததே அதிகம். சாவு வீட்டுச் சடங்கில் கர்ண மோட்சம் ஆடுகிறார்கள். அந்தக் கூத்தில் ராஜா வந்து நின்றதும் "நீ யாருய்யா, எதுக்கு வந்த?" என்று கேட்கக் கட்டியக்காரன் இருக்கிறான். அவன் கேட்காமல் ராஜாவால் பேசவே முடியாது. பாரதத்தை வகுப்பறைக்குக் கொண்டுவந்தவர்கள் அவனை மட்டும் வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள்.

மாணவர்களின் எதிர்வினையை நாம் சேகரிக்கவேண்டும்; திருத்துவதற்காக அல்ல, படிப்பதற்காக. பாடம் நடத்தும் தோழர்கள் நீதியைக் கடைசியில்கூட எழுதாமல் ஒரு வகுப்பை முடித்துப் பார்க்கட்டும். பிள்ளைகள் கேட்பதை அப்படியே, அவர்கள் பேச்சிலேயே குறித்துவைக்கட்டும். நமக்கு வேண்டிய பாரத விமர்சனம் அந்த நோட்டில் இருக்கக்கூடும்.