உளவியல் குற்றப் புனைவில் திருப்பமும் பொறுப்பும்: திருப்பூர்ச் சூழலில் ‘ராட்சசன்’

முன்னுரை

உளவியல் குற்றப் புனைவுக்குத் தமிழில் பல பத்தாண்டுகளாக நிலையான வாசகர்களும் பார்வையாளர்களும் உள்ளனர். எதிர்பாராத திருப்பம் தரும் வியப்பே இந்த ஈர்ப்புக்குக் காரணம் எனப் பொதுவாகக் கூறுவர். எனினும், கொலையாளி யார் என்று தெரிந்த பின்னரும் ராம்குமார் இயக்கிய ‘ராட்சசன்’ (2018) போன்ற படங்களை மீண்டும் பார்ப்போர் உண்டு. ஆகவே வியப்பு மட்டுமே போதிய விடையாகாது. பலரிடம் சிதறிக் கிடக்கும் பொறுப்பை ஒரே முகத்தில் குவித்துக் காட்டுவது திருப்பத்தின் முதன்மைப் பணி என்பதும், ஈர்ப்பு அதிலிருந்தே பிறக்கிறது என்பதும் இக்கட்டுரையின் கருதுகோள். பொறுப்பு மிக நீண்ட சங்கிலியாகப் பிரிந்து கிடக்கும் திருப்பூர்ப் பின்னலாடைத் தொழிற்பகுதியின் பின்னணியில் இக்கருதுகோள் ஆராயப்படுகிறது. இது பார்வையாளரைப் பற்றிய கள ஆய்வு அன்று. பனுவல் வாசிப்பே ஆகும்.

மரபு

இவ்வகைப் புனைவு கொங்கு வட்டாரத்துக்குப் புதியதன்று. ஆயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட நாவல்களை எழுதிய ராஜேஷ்குமார் கோயம்புத்தூரைச் சேர்ந்தவர். 2009 வரை திருப்பூரும் அம்மாவட்டத்திலேயே இருந்தது. தொடர்பற்றவை போலத் தோன்றும் இரு கதைத் தடங்களை மாறிமாறி நகர்த்தி, இறுதியில் ஒன்றிணைப்பது அவர் பெரிதும் கையாண்ட உத்தி. சிதறிய நிகழ்வுகளுக்குப் பின்னால் ஓர் ஒழுங்கு உண்டு என்ற உறுதியைப் பேருந்து நிலையக் கடைகளில் விற்ற இந்த மாதநாவல்கள் வாசகருக்குத் தொடர்ந்து அளித்தன.

திரைப்படத்தில் பாரதிராஜாவின் ‘சிகப்பு ரோஜாக்கள்’ (1978) கொலையின் வேரைக் கொலையாளியின் இளமைக்காலக் காயத்தில் தேடியது. அங்குக் கொலையாளி யார் என்பது பார்வையாளருக்கு முன்னரே தெரிந்துவிடுகிறது. நாற்பது ஆண்டுகளுக்குப் பின் வந்த ‘ராட்சசன்’ அதே காயத்தை இறுதிவரை மறைத்து, அதனையே திருப்பமாக்குகிறது.

இரண்டு குற்றவாளிகள்

பள்ளி மாணவியர் தொடர்ந்து கடத்திக் கொல்லப்படும் வழக்கைத் துப்பறிவதே ‘ராட்சசன்’ கதை. இதில் ஐயத்துக்குள்ளாகும் பாத்திரங்களுள் ஒருவர் கணித ஆசிரியர் இன்பராஜ். ஆசிரியர் என்னும் அதிகாரத்தைக் கொண்டு மாணவியரை மிரட்டிப் பாலியல் கொடுமைக்கு உள்ளாக்குபவர் அவர். இக்குற்றம் மெய்யானது. எனினும் தொடர் கொலையாளி அவரல்லர் என்று தெரிந்ததும், கதை அவரைக் கடந்து சென்றுவிடுகிறது. இறுதியில் வெளிப்படும் கிறிஸ்டோபர், நோயால் தோற்றம் பாதிக்கப்பட்டு, பள்ளியில் ஏளனத்துக்கும் நிராகரிப்புக்கும் உள்ளானவர்.

இங்கு இரு சிக்கல்கள் எழுகின்றன. முதலாவது, நோயுற்ற உடல் குற்றத்தின் அடையாளமாக்கப்படுகிறது. இரண்டாவது, ஆசிரியர் பதவியின் நிழலில் நிகழும் அன்றாட வன்முறை, கதைக்கட்டமைப்பில் திசைதிருப்பும் தடயமாகக் குறுகிவிடுகிறது. இன்பராஜைக் காட்டியதற்காகப் படத்தைப் பாராட்டலாம். ஆனால் அவருக்கு அப்பள்ளியில் அத்தகைய அதிகாரம் எவ்வாறு வாய்த்தது என்னும் வினாவைத் திருப்பம் மறக்கச் செய்கிறது.

திருப்பூரில் பொறுப்பின் இடம்

திருப்பூரில் ஒரு பனியன் பல கைகளைக் கடந்தே உருவாகிறது. நூற்பாலை, நிட்டிங், சாயப்பட்டறை, கட்டிங், ஓவர்லாக், செக்கிங், பேக்கிங் எனப் பணிகள் பிரிந்துள்ளன. அயல்நாட்டு நிறுவனம், ஏற்றுமதியாளர், ஜாப்வொர்க் நடத்துவோர், காண்ட்ராக்டர் எனப் பொறுப்பும் அவ்வாறே பிரிகிறது. மேற்குத் தமிழகத்து நூற்பாலைகளில் நிலவிய ‘சுமங்கலித் திட்டம்’ இதற்குத் தக்க சான்று. இளம்பெண்கள் ஏறத்தாழ மூன்றாண்டுகள் விடுதியில் தங்கி உழைத்தால், இறுதியில் திருமணச் செலவுக்கென ஒரு தொகை தரப்படும் என்பதே அதன் ஏற்பாடு. விடுதிக் கட்டுப்பாடு, மிகைநேர உழைப்பு, இடையில் விலகினால் தொகையை இழக்கும் நிலை ஆகியன குறித்துக் கடும் குற்றச்சாட்டுகள் எழுந்தன. இவற்றுக்கு யார் பொறுப்பு என்று வினவினால் சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியும் அடுத்ததைச் சுட்டும்.

இச்சூழலில் வாழும் பார்வையாளருக்கு, இளம்பெண்களுக்கு நேர்ந்த கொடுமைக்கு ஒரு பெயரும் முகமும் முடிவும் உண்டு எனக் காட்டும் கதை ஆறுதலளிப்பது இயல்பே. அந்த ஆறுதலை மலிவானது என்று ஒதுக்கிவிட இயலாது. நீதிக்கான வேட்கை அதில் உள்ளது. ஆனால் அவ்வேட்கைக்குத் திருப்பம் தரும் விடை, தனிமனித மனப்பிறழ்வோடு நின்றுவிடுகிறது.

மாற்று வழி

திருப்பம் எப்போதும் இவ்வாறே இயங்க வேண்டியதில்லை. கோயம்புத்தூரைக் களமாகக் கொண்ட கார்த்திக் நரேனின் ‘துருவங்கள் பதினாறு’ (2016) படத்தில், வழக்கின் கதையைச் சொல்லும் ஓய்வுபெற்ற காவல் அதிகாரியே உண்மையின் ஒரு பகுதியை மறைத்தவர் என்பது இறுதியில் புலப்படுகிறது. இத்திருப்பம் பார்வையாளரின் ஐயத்தைச் சட்டத்தைக் காக்க வேண்டியவர் மீதே திருப்புகிறது. இங்குப் பொறுப்பு விசாரணையை நடத்தியவரையும் பற்றிக்கொள்கிறது.

முடிவுரை

திருப்பம் எவ்வளவு வியப்பளித்தது என்பதோடு குற்றப் புனைவின் திறனாய்வு அமைந்துவிடுதல் ஆகாது. அது யாரைக் குற்றவாளியாக்கியது, அதற்காக எக்குற்றத்தைப் பாதிவழியில் கைவிட்டது என்பனவும் மதிப்பீட்டுக்குரியவை. ‘ராட்சசன்’ படத்தில் கிறிஸ்டோபரின் வழக்கு முடிகிறது. இன்பராஜ்களை உருவாக்கும் அமைப்பின் மீதான வழக்கோ தொடங்கவே இல்லை. திருப்பூர் போன்ற தொழிற்பகுதியில் இப்படத்தை வாசிக்கும்போது, விசாரிக்கப்படாத இரண்டாவது வழக்கே முதன்மை பெறுகிறது.