வாசிப்பு, தொகுப்பு, புனைவு: படக்கதை ஆர்வலரின் மூன்று நிலைகள்

முன்னுரை

1984ஆம் ஆண்டில் சிவகாசியிலிருந்து வெளிவரத் தொடங்கிய லயன் காமிக்ஸ், ஸ்பைடர் என்னும் கதைமாந்தனைத் தமிழ்ச் சிறுவர்க்கு அறிமுகப்படுத்தியது. குற்றவுலகின் பேரரசனாக விழைந்து, பின்னர்க் குற்றவாளிகளை ஒடுக்குபவனாக மாறிய விந்தையான நாயகன் அவன். அவன் கதைகளை விரும்பிப் படித்த தமிழ் வாசகருள் பெரும்பாலோர்க்கு அவற்றை எழுதியவர் யார் என்பது அன்று தெரியாது. 1965இல் பிரித்தானிய வார இதழான 'லயனில்' டெட் கோவனின் எழுத்திலும் ரெஜ் பன்னின் ஓவியத்திலும் பிறந்த அத்தொடரைச் சில கதைகளுக்குப் பின் ஏற்று எழுதியவர் ஜெர்ரி சீகல் ஆவார். ஓவியர் ஜோ ஷுஸ்டருடன் இணைந்து சூப்பர்மேனைப் படைத்தவரும் இவரே.

சீகல் எழுத்தாளராவதற்கு முன்னரே ஆர்வலராக விளங்கியவர். அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் பள்ளி மாணவராக இருந்த காலத்தில் அறிவியல் புனைகதை இதழ்களைத் தேடிப் படித்தார். அவற்றின் வாசகர் பக்கங்களுக்குக் கடிதம் எழுதினார். தாமே சிற்றிதழ் ஒன்றை நடத்தினார். 1933 சனவரியில் அச்சிற்றிதழில் அவர் எழுதிய கதையில் வரும் சூப்பர்மேன், உலகை ஆள முயலும் தீயவன். 1938இல் வெளிவந்த சூப்பர்மேனோ எளியோரைக் காப்பவன். தீயவனை நல்லவனாக மாற்றிப் பார்க்கும் அப்பழைய சிந்தனையே பல ஆண்டுகளுக்குப் பின் ஸ்பைடரிடமும் தொழிற்பட்டதோ என எண்ண இடமுண்டு.

படிப்பவர், சேர்த்து வைப்பவர், 'அடுத்து இப்படி நடந்தால் என்ன?' என்று கற்பனை செய்பவர் ஆகிய மூவரும் சீகலிடம் ஒருங்கே இருந்தனர். 'ரசிகர்' என்னும் சொல் நம் வழக்கில் திரைப்படத்தோடு ஒட்டிக்கொண்டுவிட்டமையால் இத்தகையோரை 'ஆர்வலர்' எனக் குறிக்கிறோம். ஆர்வலரின் வாசிப்பு, தொகுப்பு, புனைவு ஆகியவை ஒரே திறனாய்வுச் செயலின் மூன்று படிகள் என்பதும், தமிழில் முதலிரு படிகள் வலுவாக அமைந்தும் மூன்றாவது படிக்கு வாயில் திறக்கவில்லை என்பதும் இக்கட்டுரையின் கருத்தாகும்.

வாசிப்பு

1972இல் தொடங்கப்பெற்ற முத்து காமிக்ஸின் முதல் இதழ் 'இரும்புக்கை மாயாவி'. 1962இல் பிரித்தானிய இதழான 'வேலியண்டில்' கென் புல்மர் எழுத, ஸ்பானிய ஓவியர் ஹெசூஸ் பிளாஸ்கோ வரைந்த தொடரே இதன் மூலம். வலக்கையை இழந்து இரும்புக்கை பொருத்திக்கொண்ட லூயிஸ் கிராண்டேல் என்பவன் மின்சாரம் பாய்ந்தால் உருவம் மறைகிறான். இரும்புக்கை மட்டும் கண்ணுக்குத் தெரிகிறது. மூலத்தின் ஆங்கிலத் தலைப்பு இரும்புக்கையை மட்டுமே குறிக்கிறது. தமிழாக்கமோ இரும்புக்கையோடு மறையும் ஆற்றலையும் சேர்த்து அவனை 'மாயாவி' ஆக்கியது. வாலியோடு பொருத மாயாவியை இராமாயணத்தில் அறிந்த தமிழ்ச் செவிக்கு அப்பெயர் அந்நியமாகத் தோன்றவில்லை. ஒரு பெயரிலேயே இத்துணைப் பண்பாட்டுப் பெயர்ச்சி நிகழ்ந்துள்ளமை மொழிபெயர்ப்பாய்வாளர் கருதத்தக்கது.

கட்டத்தில் வரையப்பட்டிருப்பது காற்றில் தொங்கும் ஓர் இரும்புக்கை மட்டுமே. அதற்குரிய உடலையும் அவ்வுடல் நிற்கும் நிலையையும் வாசகரே நிரப்பிக்கொள்ள வேண்டும். ஒரு கட்டத்திற்கும் அடுத்த கட்டத்திற்கும் இடையிலுள்ள வெற்றிடத்தில் வாசகர் கதையை முடிக்கிறார் என்று ஸ்காட் மெக்ளவுட் 1993இல் வெளியிட்ட தம் நூலில் விளக்கினார். கூறாததைக் கூறியது கொண்டு உணரும் பயிற்சி தமிழ் வாசகர்க்குப் புதிதன்று. உள்ளுறையும் இறைச்சியும் அத்தகைய பயிற்சியை வேண்டுவனவே. சங்கப் பாடலும் படக்கதையும் ஒன்றெனக் கூற நாம் முற்படவில்லை. ஆயினும், பின்னையதைப் படிக்கும் சிறுவன் சிந்தனையின்றிப் படம் பார்க்கிறான் என்னும் கூற்று பிழையானது என்பதை இவ்வொப்புமை காட்டும்.

அக்கூற்றின் விளைவை நாமும் அறிவோம். நம் பள்ளிப் பருவத்தில் கணக்குப் புத்தகத்தினுள் வைத்திருந்த படக்கதை இதழொன்றை ஆசிரியர் கைப்பற்றி, வகுப்பின் முன்னிலையில் இரண்டாகக் கிழித்தார். அவர் தீயவர் அல்லர்; அக்காலப் பொதுக்கருத்தைப் பின்பற்றியவர். அப்பொதுக்கருத்திற்கு உலகளவில் வலுச்சேர்த்தவருள் ஒருவர் அமெரிக்க உளநோய் மருத்துவர் ஃபிரெட்ரிக் வெர்தாம். படக்கதைகள் சிறுவரைக் குற்றவாளிகளாக்குகின்றன என்று அவர் 1954இல் நூல் எழுதினார். அதே ஆண்டில் அமெரிக்கப் பதிப்பாளர்கள் படக்கதைகளுக்கெனத் தணிக்கை விதிகளை வகுத்துக்கொண்டனர். வெர்தாம் தம் சான்றுகளைத் திரித்துக் கையாண்டார் என்பதை அவருடைய ஆவணங்களைக் கொண்டே கேரல் டில்லி 2012இல் எடுத்துக்காட்டினார். இதைவிட வியப்புக்குரிய செய்தியும் உண்டு. அதே வெர்தாம் 1973இல் ஆர்வலர் நடத்தும் சிற்றிதழ்களைப் பற்றி ஒரு நூல் எழுதி, அவற்றின் படைப்பூக்கத்தைப் பாராட்டினார். வாசிப்பைக் கண்டு அஞ்சியவர், அவ்வாசிப்பிலிருந்து எழுந்த எழுத்தைக் கண்டபோது கருத்து நெகிழ்ந்தார்.

தொகுப்பு

தமிழ் மரபு தொகுத்தோரை மறவாத மரபு. குறுந்தொகையைத் தொகுத்தவர் பூரிக்கோ என்றும், ஐங்குறுநூற்றைத் தொகுத்தவர் புலத்துறை முற்றிய கூடலூர் கிழார் என்றும் குறித்து வைத்துள்ளோம். தொகுப்பு என்பது தேர்வும் வரிசையும் மதிப்பீடும் கலந்த புலமைச் செயல் என்பதை நம் முன்னோர் உணர்ந்திருந்தனர்.

படக்கதைத் துறையில் இப்பணியை முதலில் மேற்கொண்டவர்கள் நூலகத்தார் அல்லர், ஆர்வலர்களே. அமெரிக்காவில் 1961இல் 'ஆல்டர் ஈகோ' என்னும் ஆர்வலர் சிற்றிதழைத் தொடங்கிய ஜெர்ரி பெயில்ஸ், டெட்ராய்ட் நகரின் வேய்ன் மாநிலப் பல்கலைக்கழகப் பேராசிரியர். பழைய படக்கதை இதழ்கள் பலவற்றில் எழுதியவர், வரைந்தவர் பெயர்கள் அச்சிடப்படவில்லை. கோட்டின் போக்கையும் முகம் வரையும் முறையையும் ஒப்பிட்டு ஓவியரை இனங்காணும் முயற்சியில் பெயில்ஸும் அவர் நண்பர்களும் ஈடுபட்டனர். 1973 முதல் 1976 வரை ஹேம்ஸ் வேருடன் இணைந்து அவர் வெளியிட்ட படைப்பாளர் அடைவு அவ்வுழைப்பின் பயனாகும். ஏட்டுச்சுவடியை ஒப்புநோக்கிப் பாடம் தேர்வோர்க்கு இம்முறை நன்கு விளங்கும்.

தமிழ்ப் படக்கதைகளைப் பொறுத்தவரை இத்தேவை இருமடங்காகும். 1960களின் பிரித்தானிய வார இதழ்கள் படைப்பாளர் பெயரை அச்சிடாமலே கதைகளை வெளியிட்டன. அவற்றிலிருந்து தமிழுக்கு வந்த கதைகளிலும் அப்பெயர்கள் இல்லாமற் போனதில் வியப்பில்லை. இரும்புக்கை மாயாவியை வரைந்த கை பிளாஸ்கோவின் கை என்பதைத் தமிழ் வாசகர் பின்னாளில் அறிந்துகொண்டமைக்கு, இதழ்களைப் பக்கம் பக்கமாக ஒப்பிட்ட ஆர்வலர்களின் உழைப்பும் ஒரு காரணம்.

தொகுப்பின் குறைகளையும் சொல்லியாக வேண்டும். 1938இல் 10 காசுக்கு விற்கப்பட்ட சூப்பர்மேனின் முதல் இதழின் படியொன்று 2014இல் 32 இலட்சம் அமெரிக்க டாலருக்கு மேல் விலைபோயிற்று. அந்நாயகனின் உரிமைக்காகச் சீகலும் ஷுஸ்டரும் பெற்ற தொகையோ 130 டாலர். விலையை நோக்கித் தொகுப்பவர் இதழை உறையிலிட்டு மூடுகிறார். அவ்விதழ் பின்னர் எவராலும் படிக்கப்படுவதில்லை. மற்றொரு குறை, பழம்பற்று விமரிசனத்தை மழுங்கச் செய்வது. 1936இல் லீ ஃபாக் படைத்த வேதாளர் கதைகளில், காட்டுமக்களுக்கு ஒரு வெள்ளையர் பரம்பரை காவலாக அமைகிறது. இவ்வமைப்பின் பொருளென்ன என்று கேட்கும் தொகுப்பாளர் அரியர். ஆர்வலரிடம் நாம் கற்க வேண்டியது போலவே ஆர்வலர்க்கு நாம் வழங்க வேண்டியதும் உண்டு.

புனைவு

ஆர்வலரின் கதைக்கருத்துகள் பொதுவாக எள்ளலுக்கு உள்ளாகின்றன. கூர்ந்து நோக்கின், அவை திறனாய்வின் செயல்வடிவமாக இருப்பதைக் காணலாம். பெயில்ஸின் நண்பரும் பள்ளியாசிரியருமான ராய் தாமஸ் 1965இல் மார்வெல் நிறுவனத்தில் சேர்ந்து தொழில்முறை எழுத்தாளரானார். பின்னர் டி.சி. நிறுவனத்திற்காக 1981இல் அவர் தொடங்கிய 'ஆல்-ஸ்டார் ஸ்குவாட்ரன்' தொடர், இரண்டாம் உலகப் போர்க்கால நாயகர்களை மீட்டெடுத்து, பழைய கதைகளிடையே இருந்த முரண்களுக்குப் புதுக் கதைகளால் விடை கண்டது. மூலத்தின் முன்பின் முரணை அமைதி கூறி இயைக்கும் உரையாசிரியரின் பணியோடு இதனை ஒப்பிடலாம்.

இத்தகையோர் உள்நுழைய அங்கே வாயில் இருந்தது. 1951இல் பிறந்த ஜிம் ஷூட்டர், தம் 14ஆம் வயதிலேயே டி.சி. நிறுவனத்திற்குக் கதைகளை விற்றார்; அவை 1966இல் வெளிவந்தன. நம் நாட்டிலும் சான்றுண்டு. கேலிச்சித்திரக் கலைஞர் லாட்டின் முதற் படக்கதையான 'தீகா செகாவான்' 1964இல் பினாங்கில் நூலாக வெளிவந்தபோது அவருக்கு வயது 13. 1979இல் 'கம்போங் பாய்' வெளிவருவதற்கு அந்தச் சிறு நூல் முதற்படியாயிற்று. சிறுவனின் கதையை ஒரு பதிப்பாளர் ஏற்றுக்கொண்டதாலேயே அது இயன்றது.

தமிழ் ஆர்வலரின் நிலை வேறு. வாண்டுமாமா முதலியோரின் சொந்தப் படக்கதைகள் இதழ்களில் வந்துள்ளன என்பது உண்மையே. ஆயினும் முத்து, லயன் ஆகியவற்றின் கதைகள் பெரும்பாலும் மொழிபெயர்ப்புகள். எந்த நாயகன் வேண்டும், எந்த இதழை மறுபதிப்புச் செய்ய வேண்டும் என்று வாசகர் கடிதம் எழுதலாம்; ஆனால் பிரித்தானியாவிலோ இத்தாலியிலோ வரைந்து முடிக்கப்பட்ட கதையின் போக்கை அவரால் மாற்ற இயலாது. முத்து காமிக்ஸ் தொடங்கி 2022இல் 50 ஆண்டுகள் நிறைந்தன. அவ்வரைநூற்றாண்டு தமிழர்க்கு நல்ல வாசகரையும் விடாமுயற்சியுள்ள தொகுப்பாளரையும் தந்தது. வாசகரிடமிருந்து எழும் கதைக்கு அது ஒரு வழியமைத்துத் தரவில்லை.

இதனை நாம் உணர்ந்தது ஒரு குறிப்பேட்டின் வழி. பல ஆண்டுகளுக்கு முன் பேராக் மாநிலச் சிற்றூர் ஒன்றில், தோட்டத்தில் பிறந்து வளர்ந்த முதியவர் ஒருவரைச் சந்தித்தோம். முத்து, லயன், ராணி காமிக்ஸ் இதழ்களைப் பிஸ்கட் தகரங்களில் இட்டு, கரையானுக்குத் தப்பக் கட்டிலின் மேல் அடுக்கி வைத்திருந்தார். அவற்றுக்கு ஓர் அடைவும் எழுதியிருந்தார்: எண், தலைப்பு, வாங்கிய நாள், விலை. ஐந்தாவது பத்திக்கு 'இனி' என்று தலைப்பிட்டிருந்தார். ஒவ்வோர் இதழுக்கும் அடுத்து நிகழத்தக்க கதையை ஓரிரு வரியில் அப்பத்தியில் குறித்திருந்தார்.

மாயாவி கதையொன்றின் எதிரே இருந்த குறிப்பு நம் நினைவில் நிற்கிறது. இரவு பத்து மணிக்கு மின்னாக்கி நிறுத்தப்படும் ரப்பர்த் தோட்டத்திற்கு மாயாவி வருகிறான்; பத்து மணிக்கு மேல் அவன் எவ்வாறு மறைவான்? இக்கேள்வி மூலக்கதையின் அடிப்படையையே சோதிக்கிறது. நகரத்தில் எங்கும் மின்சாரம் உண்டு என்னும் நம்பிக்கையின்மேல் அக்கதை எழுந்துள்ளது என்பதை லயத்து வீட்டில் வளர்ந்த வாசகர் கண்டுகொண்டார். லண்டனில் எழுதப்பட்ட கதையைத் தம் வாழ்விடத்திற்குக் கொண்டுவந்து, அதன் எல்லையையும் காட்டினார். ஒரு திறனாய்வுக் கட்டுரை செய்ய வேண்டிய பணியை அவ்விரண்டு வரிகள் செய்துவிட்டன. இவற்றை யாருக்கேனும் அனுப்பினீர்களா என்று கேட்டோம். "எங்க அனுப்புறது ஐயா?" என்றார்.

அவர் மறைந்த பின் மீண்டும் அங்குச் சென்றபோது தகரங்கள் இல்லை. இதழ்களையும் குறிப்பேட்டையும் பழைய தாளோடு சேர்த்துப் போட்டுவிட்டதாக வீட்டார் கூறினர். அவர்களைக் குறைகூற நமக்குத் தகுதியில்லை. அக்குறிப்பேட்டின் மதிப்பை அறிந்தும், முதற்சந்திப்பில் ஒரு பக்கத்தைக்கூட நாம் படியெடுக்கவில்லை. படக்கதை அன்று நம் ஆய்வுத் தலைப்பாக இருக்கவில்லை என்பதே காரணம். கிழித்த ஆசிரியருக்கும் படியெடுக்காத ஆய்வாளருக்கும் இடையே பெரிய வேறுபாடு இல்லை என்று இப்போது தோன்றுகிறது.

முடிவுரை

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழக நூலகம் உலகின் மிகப் பெரிய படக்கதைத் தொகுப்புகளுள் ஒன்றைப் பேணி வருகிறது. ஒரு பல்கலைக்கழகம் மனம்வைத்தால் இயலும் என்பதற்கு அது சான்று. அவ்வளவில் இயலாவிடினும், நாம் உடனே செய்யத்தக்கவை இரண்டு உண்டு. முதலாவது, இந்நாட்டுத் தமிழர் வீடுகளில் எஞ்சியுள்ள படக்கதை இதழ்களையும், அவற்றோடு வாசகர் எழுதி வைத்த அடைவுகள், ஓரக்குறிப்புகள் ஆகியவற்றையும் மாணவர் வழிப் பதிவுசெய்தல். இதழின் படி வேறிடத்தில் கிடைக்கலாம். வாசகரின் குறிப்பு ஓரிடத்தில்தான் இருக்கும்.

இரண்டாவது தமிழாசிரியர்களைச் சாரும். கட்டுரைப் பாடத்தில் மாணவனுக்குத் தலைப்பை மட்டும் தருவதோடு நில்லாமல், அவன் விரும்பிப் படித்த படக்கதையின் கடைசிக் கட்டத்தைக் கொடுத்து, அடுத்த பக்கத்தை எழுதச் செய்யலாம். நாயகனை அவன் வாழும் ஊருக்கு வரவழைக்கச் சொல்லலாம். அங்கே கதையின் எந்த விதி உடைகிறது என்று வினவலாம். மாணவன் எழுதியதைப் படித்துத் தருவதற்கு ஓர் ஆசிரியர் இருப்பாராயின், எங்கே அனுப்புவது என்னும் கேள்விக்கு முதல் விடை கிடைத்துவிடும்.