சிலந்தியாக்கப்பட்ட சோழன்

எடமலைப்பட்டி புதூரிலிருந்து காலையிலே புறப்படும் இளைஞன் ஒருவன், உறையூர், மலைக்கோட்டை, திருவரங்கம், திருவானைக்கா, கொள்ளிடம் தாண்டி உத்தமர்கோயில் என்று ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, விளக்கு வைக்கும் வேளைக்குள் வீடு திரும்பிவிடலாம். அந்த ஒரு பகற்பொழுதில் அவன் கேட்டு வரக்கூடிய சண்டைகள் எத்தனை, சாபங்கள் எத்தனை என்கிறீர்கள்! தலையைக் கிள்ளிய கடவுள். தலையைப் பறிகொடுத்த கடவுள். மாமனார் தக்கன் இட்ட சாபத்தால் தேய்ந்து, அது தீரக் குளம் தேடி வந்த சந்திரன். ஒருவரையொருவர் சபித்துக்கொண்டு சிலந்தியும் யானையுமாய்ப் பிறந்த கயிலைச் சேவகர். கதவை அடைத்துக்கொண்ட தேவி. வாயிலில் நின்று கெஞ்சும் திருமால். பூ பறிபோன குற்றத்துக்கு ஊரையே மண்ணால் மூடிய மாகோபம். குற்றவியல் நீதிமன்றத்தின் ஒரு மாதத்து வழக்குப் பட்டியலும் இதற்கு ஈடாகாது. (நல்ல வேளை, அவன் ஊரின் பெயர் வெறும் புதூர். எவர் சாபத்திலும் பிறந்த பெயரல்ல!)

கடவுளர் சண்டையிடலாமா, ஒருவரையொருவர் ஏசலாமா, என்று கேட்டு நகைப்பது எளிது. மேடையிலே கைதட்டலும் கிடைக்கும். பௌராணிகரும் அதற்கு விடை தயாராக வைத்திருக்கிறார். தத்துவம் என்பார், உட்பொருள் என்பார், திருவிளையாடல் என்று சொல்லித் திருநீற்றைப் பூசிவிடுவார். ஆகவே, அந்தக் கேள்வியை விடுத்து வேறு கேள்வி கேட்போம். இக்கதைகளை இலக்கியமாகவே வைத்துக்கொண்டு, இலக்கியத்தை ஆராய்பவன் கேட்கும் கேள்வியைக் கேட்போம். சபிப்பவர் யார்? சபிக்கப்படுபவர் யார்? தண்டனை எது? அதை அனுபவிக்கும் இடம் எது? விடுதலை யாருக்குக் கிடைக்கிறது, யாருக்குக் கிடைக்கவில்லை?

உத்தமர்கோயிலை முதலிலே முடித்துவிடலாம். அங்கே சரக்கு குறைவு. பிரமனின் ஐந்தாம் தலையைச் சிவன் கிள்ளினார். கிள்ளிய மண்டை ஓடு கையிலே ஒட்டிக்கொண்டது. பிரமனைக் கொன்ற பழி பற்றிக்கொள்ள, பிச்சாண்டியாய் ஊரூராய் அலைந்து இவ்வூர் வந்தபோது, தாயார் இட்ட பிச்சையிலே ஓடு நிறைந்தது என்பது கோயிற்கதை. திருவண்ணாமலைக்குப் போனாலோ, அடிமுடி தேடிய போட்டியிலே பொய்யுரைத்த பிரமனுக்கு, 'உனக்குப் பூவுலகில் கோயிலே இல்லாமற் போகக்கடவது' என்று சாபம். பொய்ச்சாட்சி சொன்ன தாழம்பூவுக்கும் தள்ளிவைப்பு. சரி, சாபம் பலித்ததா? உத்தமர்கோயிலுக்குள்ளேயே பிரமனுக்குச் சன்னதி இருக்கிறது. சென்னைச் சாலையில் சிறுகனூர் அருகே திருப்பட்டூர் சென்றால் பிரமனைக் காணக் கூட்டம் அலைமோதுகிறது, தலையெழுத்தை மாற்றி எழுதுவார் என்று. கடவுளிட்ட சாபம் கடவுளைக் கட்டுப்படுத்தவில்லை. பாவம், தாழம்பூ மட்டும் இன்னும் சிவபூசைக்கு ஆகாத பூவாய் வாசலுக்கு வெளியே நிற்கிறது. பெரியவர் தப்பினார், சாட்சிக்கு வந்த பூ மாட்டிக்கொண்டது. இதை நினைவில் வைத்துக்கொண்டு திருவானைக்காவுக்கு நடப்போம்.

அங்கேதான் கதை கனமானது. நாவல் மரத்தடியில் ஒரு சிவலிங்கம். நாள்தோறும் ஒரு வெள்ளை யானை வருகிறது. துதிக்கையில் நீர் முகந்து ஆட்டுகிறது, பூவிடுகிறது. சிலந்தி ஒன்றும் அங்கே வாழ்கிறது. சருகும் இலையும் லிங்கத்தின் மேல் உதிராதபடி, தன் வாய்நூலால் மேற்கட்டி பின்னுகிறது. யானைக்கு அது அழுக்காய்த் தெரிகிறது, துடைத்தெறிகிறது. சிலந்தி மறுபடியும் பின்னுகிறது. யானை மறுபடியும் அழிக்கிறது. பொறுத்துப் பொறுத்துப் பார்த்த சிலந்தி ஒருநாள் துதிக்கைக்குள் புகுந்து கடிக்க, யானை கையைத் தரையில் மோதிப் புரண்டு மடிகிறது, சிலந்தியும் மடிகிறது. சேக்கிழார் பன்னிரண்டாம் நூற்றாண்டிலே இதைச் சொல்லும் அழகை எவரும் மறுக்க வேண்டியதில்லை. யானை ஆற்றிலிருந்து எடுத்து வந்து கொடுத்தது; சிலந்தியோ தன் உடலிலிருந்தே நூற்றுக் கொடுத்தது. ஒரே பணியைச் செய்த இருவரில், பெரியவனின் பணி பூசையாயிற்று, சிறியவனின் பணி குப்பையாயிற்று. தொழுகிறவர்களுக்குள்ளே ஒருவன் உழைப்பு மற்றவன் கண்ணுக்குத் தீட்டாய்ப் படும் கொடுமையை இதைவிடக் கூர்மையாய்ச் சொன்ன கதை தமிழில் அரிது. இடையிலே வீற்றிருந்த கடவுளோ, மேற்கட்டி அறுபடும் போதெல்லாம் வாய் திறக்கவில்லை. இருவரும் இறந்த பிறகு வரம் கொடுக்க வருகிறார்.

கதை இத்தோடு நின்றிருந்தால் நமக்கும் அதனோடு வழக்கில்லை. கோயில் வரலாறு அதற்கு முன்கதை ஒன்றைச் சேர்க்கிறது. மாலியவான், புட்பதந்தன் என்ற இருவர் கயிலையில் சிவனுக்குத் தொண்டு செய்தவர்கள். என் தொண்டு உயர்ந்ததா, உன் தொண்டு உயர்ந்ததா என்று மூண்ட வாக்குவாதத்தில், 'நீ யானையாய்ப் பிற' என்று ஒருவன் சபிக்க, 'நீ சிலந்தியாய்ப் பிற' என்று மற்றவன் சபித்தானாம். முன்கதை வந்து சேர்ந்ததும் பின்கதையின் பொருளே தலைகீழாகிவிடுகிறது. சிலந்தி சிலந்தியாய் இருப்பது இயற்கையல்ல, தண்டனை என்றாகிறது. அதன் சிறுமை, அது செய்த குற்றத்தின் கூலி என்றாகிறது. அநீதிக்கு ஆளானவனைப் பழைய குற்றவாளியாய் மாற்றிவிட்டால், அநீதி செய்தவன்மேல் கேள்வி எழுமோ?

எந்தச் சாபத்தையும் எடுத்துப் பாருங்கள், தண்டனை எப்போதும் கீழே தள்ளுவதுதான். கயிலையிலிருந்து காட்டுக்கு, வானிலிருந்து மண்ணுக்கு, தேவனாயிருந்தவன் விலங்காய், புழுவாய், மரமாய், கல்லாய். எந்தத் தேவனும் இன்னொரு தேவனை மேலே போகும்படி சபித்ததில்லை! யோகத்தைப் பழித்தார் என்று உமையம்மையையே பூவுலகுக்கு அனுப்பினார்கள், இதே ஆனைக்காவுக்கு. நாம் பிறந்து, உழுது, நெய்து, மணந்து, மகப்பேறு கண்டு மகிழும் இம்மண், அவர்கள் கதையிலே குற்றவாளிகளை அடைக்கும் சிறைக்கூடம். அங்கும் படிக்கட்டு இருக்கிறது. ஏழைப் பிறப்பு, இழிபிறப்பு என்று கீழ்ப்படியிலே யாரை நிறுத்தியிருக்கிறார்கள் என்று தோழர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. கால் ஊனமாய்ப் பிறந்த குழந்தையைப் பார்த்து, 'எந்தப் பிறவியில் யார் சாபமோ' என்று தெருவிலே ஒருத்தி பெருமூச்சு விடுகிறாளே, அவள் கொடியவள் அல்லள். அவள் காதில் விழுந்த கதை அவ்வாறு பேச வைக்கிறது. அந்தத் தாய் அப்போது மருத்துவமனைக்குப் போகிறாளா, பரிகாரத்துக்குப் போகிறாளா? இதற்காகத்தான் பழைய கதையை இன்றும் எடுத்துப் பேச வேண்டியிருக்கிறது.

சிலந்தி மறுபிறவியில் சோழனானான் என்பது கதையின் அடுத்த படலம். அந்தச் சோழன் கற்பனை மனிதனல்லன். கோச்செங்கணான்! சேரன் கணைக்கால் இரும்பொறையைக் கழுமலப் போரிலே வென்றவன். பொய்கையார் பாடிய களவழி நாற்பது அவனுடைய போர்க்களத்தைப் பாடுவது. சிறைப்பட்ட சேரன், தண்ணீர் கேட்டுக் காவலர் காலந்தாழ்த்திக் கொடுத்ததால், அதைப் பருகாமலே மானத்தோடு மாண்ட செய்தியைப் புறநானூற்றின் 74 ஆம் பாட்டு காட்டுகிறது. வென்றவனும் மனிதன், தோற்றவனும் மனிதன். வீரமும் மானமும் தாகமும் மனிதருடையவை. அங்கே முற்பிறவி இல்லை, சாபமும் இல்லை. சிவனுக்கு எழுபது மாடம் எடுத்த சோழன் என்று, வைணவரான திருமங்கையாழ்வாரே திருநறையூர்ப் பதிகத்தில் அவனைப் பாடினார். இத்தனை பெருமையும் உடைய வேந்தனைத்தான் பின்னாளில் சிலந்தியின் மறுபிறவியாக்கினார்கள்.

ஏன் சிலந்தி, ஏன் யானை? என் ஊகம் ஒன்று உண்டு, ஊகமென்றே கொள்ளுங்கள். களவழி நாற்பதைப் புரட்டினால் திரும்பிய பக்கமெல்லாம் வெட்டுண்டு வீழ்ந்த யானைகளே. யானைகளை வீழ்த்தியவன் என்ற புகழ் மக்கள் நினைவில் நின்றது, காரணம் மறந்தது. அவன் எடுத்ததாகச் சொல்லப்படும் மாடக்கோயில்களோ, உயர்ந்த மேடைமேல், குறுகிய படி ஏறிப் போகும் அமைப்பு உடையவை. ஆற்றுவெள்ளம் அடிக்கடி புகும் நாட்டில் மேடை உயர்த்திக் கட்டுவது கட்டடக்காரன் அறிவு. ஆனால் யானை ஏற முடியாத கோயில் என்று ஒருவர் வியக்க, யானைமேல் இவனுக்கு என்ன பகை என்று இன்னொருவர் கேட்க, முற்பிறவி வந்து விடை சொல்லியிருக்கலாம். போர்க்களத்தையும் கட்டடக் கலையையும் ஒரு பூச்சிக் கதை விழுங்கிவிட்டது.

அந்தக் கதைக்குள்ளே ஒரு பெண் இருக்கிறாள். அவளைப் பற்றி எவரும் நின்று பேசுவதில்லை. சோழன் சுபதேவன் மனைவி கமலவதி. பேறுகாலம் நெருங்கிவிட்டது. சோதிடர் சொல்கிறார்கள், ஒரு நாழிகை கழித்துப் பிறந்தால் பிள்ளை மூவுலகும் ஆளும் என்று. ஒரு நாழிகை என்பது 24 நிமிடம். தன் காலைக் கட்டித் தலைகீழாய்த் தூக்குங்கள் என்கிறாள் அவள். தூக்குகிறார்கள். நாழிகை கழிந்ததும் இறக்குகிறார்கள். சிவந்த கண்ணோடு பிறந்த மகனைப் பார்த்து, என் அரசன் செங்கண்ணானோ என்று அழைத்துவிட்டு உயிர்விடுகிறாள். கதை மகனோடு அரண்மனைக்குப் போய்விடுகிறது. உலகளக்கும் கடவுளர் ஒருவருக்கும் அந்தத் தாயின் வலியில் 24 நிமிடத்தைக் குறைத்துக்கொள்ளத் தோன்றவில்லையே! கயிற்றுக்கு இப்போது வேலையில்லை. பஞ்சாங்கம் பார்த்து, நட்சத்திரம் பார்த்து, இத்தனை மணிக்கு வயிற்றைக் கீறி எடுத்துத் தாருங்கள் என்று மருத்துவரிடம் நேரம் குறித்துக் கொடுக்கும் படித்த குடும்பங்கள் நம்மிடையே இருக்கின்றன. கமலவதியின் நாழிகை இன்னும் கழியவில்லை.

கடவுளர் சண்டை நம் நாட்டுக்கு மட்டும் உரிய சொத்தல்ல. கிரேக்கத்தில் ஓமர் பாடிய கடவுளர், திராய் நகரப் போரிலே கட்சி பிரிந்து அடித்துக்கொண்டார்கள். கிறித்துவுக்கு முன் ஆறாம் நூற்றாண்டிலேயே சீனோபனீசு என்ற அறிஞன், மனிதருக்கே இழிவான களவையும் கள்ளக்காதலையும் வஞ்சகத்தையும் கடவுளர்மேல் ஏற்றிவிட்டார்களே என்று கவிஞர்களைக் கடிந்தான். பிளேட்டோ, தான் கற்பனை செய்த நல்லரசில் பிள்ளைகளின் பாடத்திலிருந்து அவற்றை நீக்கச் சொன்னார். ஆனாலும் கதை அழியவில்லை. பாட்டாய், நாடகமாய், சிற்பமாய் உலகம் சுவைக்கிறது.

இனித் திருவரங்கம். பங்குனித் திருவிழாவின் ஆறாம் நாள் அரங்கநாதர் உறையூருக்குப் போய்க் கமலவல்லி நாச்சியாரோடு வீற்றிருந்து திரும்புகிறார். உத்திரத்தன்று அரங்கநாயகியின் வாயிலுக்கு வருகிறார், கதவு அடைபடுகிறது. பூ எறிகிறார்கள், வெண்ணெய் எறிகிறார்கள், வாழைமட்டையாலும் அடி. மட்டையடி என்றே விழாவுக்குப் பெயர். பிரணய கலகம் என்பது வடமொழிப் பெயர். நம்மாழ்வார் நடுவராய் வந்து சமாதானம் செய்ய, இருவரும் சேர்ந்து காட்சி தருகிறார்கள். பார்க்க வேடிக்கையான நாடகம், உரையாடலும் சுவையானது. தேவி தரப்பில் எழுப்பப்படும் கேள்விகளைக் கேட்டு, கூடியிருக்கும் பெண்கள் தம் வீட்டுக் கதை நினைந்து புன்னகைப்பதும் உண்டு. ஆனால் ஒன்று கவனியுங்கள். தேவியின் பேச்சைப் படிப்பவரும் ஆடவரே. தேவிக்கு வழங்கும் சிறப்புப் பெயர், படிதாண்டாப் பத்தினி. நாதர் உறையூருக்குப் போகலாம், ஆறு கடக்கலாம், வீதியெல்லாம் உலாவரலாம். அவளோ கோயில் வாயிற்படியைத் தாண்டக்கூடாது. கதவைச் சாத்தலாம், திறந்துகொண்டு வெளியே போக முடியாது. ஆண்டுதோறும் சண்டை, ஆண்டுதோறும் சமாதானம், மறு ஆண்டும் உறையூர்ப் பயணம்! நடுவர் ஒருமுறையேனும், 'இனிப் போகாதே' என்று நாதருக்குச் சொன்னதுண்டா?

அகலிகைக்கும் இதே நீதிதான். இந்திரன் சாபம் பெற்றும் சிம்மாசனத்திலே நீடித்தான்; அவள் கல்லானாள். 1943 இல் புதுமைப்பித்தன் 'சாபவிமோசனம்' எழுதினார். தன்னை மீட்ட இராமனே சீதையைத் தீக்குளிக்கக் கேட்டான் என்று சீதை வாயாலேயே அறிந்த அகலிகை, அதில் மறுபடியும் கல்லாகிறாள். ஆயிரம் உபந்நியாசம் கேட்பதைவிட அந்த ஒரு சிறுகதையைப் படிப்பது மேல் என்பேன்.

கடைசியாக உறையூர். சாரமா முனிவர் செவ்வந்தித் தோட்டம் வைத்திருந்தார். பூவாணிகன் பூவைத் திருடி அரசனுக்குக் கொடுத்தான். முனிவர் முறையிட்டார், அரசன் செவிசாய்க்கவில்லை. மலைக்கோட்டைச் சிவன் சினந்து, உறையூரை நோக்கி மேற்கே திரும்பி, மண்மாரி பொழியச் செய்தாராம். இன்றும் தாயுமானவர் மேற்கு நோக்கியே இருக்கிறார் என்று சான்று காட்டுகிறார்கள். திருடியவன் ஒருவன், திருட்டை ஏற்றவன் ஒருவன். மண்ணில் புதைந்ததோ ஊர்! தறிக்காரன் வீட்டில் எந்தச் செவ்வந்தி இருந்தது? சைவ எல்லப்ப நாவலரின் செவ்வந்திப் புராணத்துக்கு இது இறைவன் பெருமை. ஊர்மக்கள் சொல்லிவந்த கதையோ வேறு. வீடிழந்தவர்கள் வெக்காளியிடம் ஓடினார்கள். உங்கள் அனைவருக்கும் கூரை கிடைக்கும் வரை எனக்கும் கூரை வேண்டாம் என்று அவள் வெட்டவெளியில் அமர்ந்தாள் என்பது அது. இன்றும் அவள் தலைக்குமேல் வானம்தான். இந்தத் தெய்வமும் கற்பனைதான். ஆனால் இதைக் கற்பித்தவன் மண்ணுக்கடியிலிருந்து எழுந்து வந்தவன் என்று அதன் ஒவ்வோர் எழுத்தும் சொல்கிறது.

உறையூர் மண்ணைச் சென்னைப் பல்கலைக்கழகத்தார் 1965 முதல் 1969 வரை அகழ்ந்து பார்த்தார்கள். பழந்தமிழ் எழுத்துப் பொறித்த பானை ஓடுகள் வந்தன. உரோமானிய வாணிகத்தோடு தொடர்புடைய ஓடுகள் வந்தன. முதல் நூற்றாண்டுக் கிரேக்க மாலுமி ஒருவன் 'அர்கரு' என்று குறித்து, அதன் மெல்லிய துணியைப் புகழ்ந்து எழுதிய ஊர் இதுவே என்பது ஆராய்ச்சியாளர் கருத்து. அந்தத் துணிக்குச் சாயமேற்றியவர்கள் செங்கல்லால் கட்டிய தொட்டி ஒன்றும் அகழ்ந்த குழியிலே கிடைத்தது.