பத்து மதிப்பெண்ணுக்குச் சிந்தித்தல்

புக்கிட் பெருவாங்கில் என் தாமானுக்குப் பக்கத்து மாமாக் கடை, இரவானால் மாணவர்களால் நிறைந்துவிடும். போன வாரம் அடுத்த மேசையில் ஒருவன் கேட்டான்: "ரிஃப்லெக்‌ஷன் ஜர்னல்ல என்னடா எழுதுன?"

"போன செமஸ்டர்ல எழுதுனதையே மாத்திப் போட்டுட்டேன்லா."

நானும் அப்படித்தான் பட்டம் வாங்கினேன். மூன்றாம் ஆண்டில் எங்கள் குழு செய்த ஆம்ப்ளிஃபையர் கடைசிவரை வேலை செய்யவில்லை. ஏன் என்று எனக்குப் புரியவே இல்லை. ஜர்னலில் குழு உழைப்பின் அருமையை உணர்ந்ததாக எழுதினேன். பத்துக்கு ஒன்பது! வேலைக்குப் போனபின், நின்றுபோன இயந்திரத்தின் முன் "தெரியல சார்" என்று வாய்திறந்து சொல்ல எனக்கு ஒரு வருசம் பிடித்தது.

இந்த வழக்கத்துக்கு மூலநூல் என்று பலரும் காட்டுவது, எம்ஐடியில் பேராசிரியராக இருந்த டொனால்ட் ஷோன் 1983இல் எழுதிய 'தி ரிஃப்லெக்டிவ் பிராக்டிஷனர்'. அதைப் படித்தபோது கோபம்தான் வந்தது, ஷோன் மேல் அல்ல. அவர் சொல்லும் சிந்தனை வேலை முடிந்தபின் எழுதுவது மட்டுமல்ல, வேலைக்குள்ளேயே நடப்பது. கட்டடக்கலை மாணவி பெட்ரா, சரிவான நிலத்தில் தன் பள்ளிக்கட்டடம் பொருந்தாமல் தவிக்கிறாள். ஆசிரியர் குவிஸ்ட் அவள் வரைபடத்தின் மேலேயே வரைந்துகொண்டு பேசுகிறார். கோடு போடப்போட யோசனை மாறுகிறது. (பேசுவது பெரும்பாலும் குவிஸ்ட்தான். பெட்ராவுக்கு என்ன புரிந்தது என்று அவர் கேட்டிருக்கலாம். நூலில் என்னை உறுத்திய இடம் அது.)

என் பாட்டி தோட்டத்தில் பால்மரம் சீவியவர். உளி ஆழமாகப் போனால் மரத்துக்குக் காயம். மேலோட்டமாகப் போனால் பால் குறையும். ஒவ்வொரு மரத்திலும் பட்டையின் தடிப்பைக் கை அறிய வேண்டும். ஷோன் பேசுவது இந்த அறிவைத்தான். பாட்டியிடம் ஜர்னல் கேட்டிருந்தால் உளியோடு விரட்டியிருப்பார்.

2009இல் மலேசியா வாஷிங்டன் ஒப்பந்தத்தில் முழு உறுப்பினரானது. நம் பொறியியல் பட்டங்களுக்கு வெளியே மதிப்பு கிடைத்தது, நல்லதுதான். ஆனால் வாழ்நாள் கற்றல்கூட அளக்க வேண்டிய அடைவாகிவிட்டது. அளக்க ஆதாரம் வேண்டும், ஆதாரத்துக்குக் கோப்பு. மாணவனின் தயக்கம் அந்தக் கோப்பில் எங்கே ஒட்டும்?

வகுப்புத் தொடக்கத்தில் ஐந்து நிமிடம் கண்மூடச் சொல்வது இன்னொரு பக்கம். சான் பிரான்சிஸ்கோ மாநிலப் பல்கலைக்கழக மேலாண்மைப் பேராசிரியர் ரொனால்ட் பர்சர், 'மெக்மைண்ட்ஃபுல்னஸ்' (2019) நூலில் இதைக் கடுமையாகச் சாடுகிறார்: அழுத்தத்தை உண்டாக்கும் அமைப்பை விட்டுவிட்டு, மூச்சைக் கவனி என்று தனிமனிதன் தலையில் கட்டுவதாக. பெரும்பாலும் ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் பகுதிநேர வேலை முடித்து மோட்டாரில் ஓடிவந்து உட்காரும் எனக்கு அந்த ஐந்து நிமிடம் தேவைப்பட்டது. அதற்கு யாரும் மதிப்பெண் போடவில்லை என்பதும் ஒரு காரணம்.

ஒரே ஒரு விரிவுரையாளர், ஆய்வுக்கூடத்தில் என் மேசையருகே நின்று ஒரு ரெசிஸ்டரைக் காட்டி, "இதை ஏன் மாற்றினாய்?" என்று கேட்டார். உளறினேன். பேசாமல் காத்திருந்தார். மறுபடி யோசித்துச் சொன்னேன். தலையாட்டிவிட்டு அடுத்த மேசைக்குப் போனார். எதையும் குறித்துக்கொள்ளவில்லை. அந்த ரெசிஸ்டர் 4.7 கிலோ ஓம். இன்றும் ஞாபகம் இருக்கிறது.